சீரம் தடவினால் முடி வளருமா? நான்கு வகைப் பாட்டில்களும் ஒரு முடிவும்

முடிக்கான சீரத்தை, பயன்படுத்தியவர்கள் சொல்வதைக் கேட்டுத் தேர்ந்தெடுப்பது சரிவராது. அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்பதல்ல காரணம். முடிக்கென்று ஒரு கால அட்டவணை இருக்கிறது. அது அவர்களை ஏமாற்றிவிடுகிறது. வேலை செய்கிற மருந்துக்குக் கெட்ட பெயரும், ஒன்றும் செய்யாத பாட்டிலுக்கு நல்ல பெயரும் வாங்கித் தருவதில் அதற்கு நிகர் கிடையாது.

தலையில் ஏறக்குறைய 1 லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொரு மயிர்க்காலும் தனித்தனிக் கணக்கில் ஓடுகிறது: 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளர்ச்சி, இரண்டு மூன்று வாரம் சுருக்கம், சுமார் 3 மாதம் ஓய்வு, அப்புறம் உதிர்வு. உதிர்ந்த இடத்தில் புது முடி கிளம்பும். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி விழுவது இந்தச் சுழற்சியில் சாதாரணம். புதிதாகக் கிளம்பும் முடியும் மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. தான் வளரும்.

இப்போது கடுமையான காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், பட்டினி கிடந்து எடையைக் குறைத்தல் போன்ற ஏதோ ஒன்று உடம்பை உலுக்குகிறது என்று வையுங்கள். நிறைய மயிர்க்கால்கள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அந்த முடிகள் உடனே விழாது. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் சீப்பிலும் தலையணையிலும் கொத்துக் கொத்தாக வரும். அதற்குள் காய்ச்சல் வந்ததே மறந்திருக்கும். பதறிப்போய்ச் சீரம் வாங்குவது இந்தக் கட்டத்தில்தான். ஆனால் மூல காரணம் நீங்கிவிட்டால் இந்த வகை உதிர்வு பெரும்பாலும் 6 மாதத்துக்குள் தானாகவே அடங்கும். சீரம் தடவியவர் என்ன பார்க்கிறார்? தடவத் தொடங்கினோம், சில மாதத்தில் கொட்டுவது நின்றது, சின்னச் சின்ன முடிகூட முளைத்திருக்கிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். பாட்டிலில் வெறும் தண்ணீர் இருந்திருந்தாலும் அதற்கு ஐந்து நட்சத்திரம் கிடைத்திருக்கும்.

இதற்கு நேர் எதிர், முடி வளரத் தலையில் தடவும் மருந்தான மினாக்சிடிலின் கதை. ஓய்வில் கிடக்கும் மயிர்க்கால்களை அது வளர்ச்சிக்குத் தள்ளுகிறது. புது முடி கிளம்பும்போது அங்கே ஏற்கெனவே இருந்த பழைய முடி விழுந்தாக வேண்டும். அதனால் தடவத் தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் முன்பைவிட அதிகமாகக் கொட்டக்கூடும். இருந்த முடியும் போச்சு என்று நிறுத்திவிடுகிறவர்கள் பலர். அவர்கள் எழுதும் கருத்து எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே நட்சத்திரங்களை ஓரமாக வைத்துவிடலாம். தடவலாமா, எதை என்று முடிவு செய்ய வேண்டியது, உங்கள் தலையில் நடப்பது என்ன என்பதை வைத்துத்தான்.

கொட்டுவதும் மெலிவதும் வேறு வேறு

பேச்சில் இரண்டையும் ஒன்றாகத்தான் சொல்கிறோம். தலை முழுக்கப் பரவலாக, நல்ல தடிமனான நீள முடிகள் திடீரென்று விழுந்தால் அது மேலே சொன்ன உதிர்வு வகையாக இருக்கலாம். மெலிதல் என்பது சத்தமில்லாமல் நடப்பது. சீப்பில் பெரிதாக ஒன்றும் வராது. ஆனால் ஒவ்வொரு சுழற்சியிலும் மயிர்க்கால் கொஞ்சம் சிறுத்து, முந்தியதைவிட மெல்லிய, குட்டையான முடியைத் தருகிறது. கடைசியில் பூனைமயிர்போல் ஒன்று மிஞ்சும். ஆண்களுக்கு நெற்றியின் இரு ஓரங்களும் உச்சியும் முதலில் காலியாகும். பெண்களுக்கு முன்நெற்றிக் கோடு அப்படியே இருக்க, வகிடு அகலமாகிக்கொண்டே போகும். ஆண்களுக்கான படிநிலைப் படங்களை ஹாமில்டன் 1951-இல் வகுத்து, நார்வுட் 1975-இல் திருத்தினார். பெண்களுக்கானதை லுட்விக் 1977-இல் வகுத்தார். தோல் மருத்துவர்கள் இன்றும் அந்தப் படங்களைத்தான் பார்க்கிறார்கள்.

இந்தப் பரம்பரை மெலிதலில், குறிப்பாக ஆண்களிடம், டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உருவாகும் டிஎச்டி என்ற ஹார்மோனுக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கு எளிதில் மசியும் மயிர்க்கால்கள்தான் சுருங்குகின்றன. பின்னந்தலையில் இருப்பவை அதைப் பொருட்படுத்துவதில்லை. வழுக்கை விழுந்தவர்களுக்கும் பின்பக்கம் முடி நிற்பதும், அங்கிருந்து எடுத்து முன்னால் நட்டால் பிழைப்பதும் அதனால்தான்.

சீரமே எடுக்கக் கூடாத சில நிலைமைகளும் இருக்கின்றன. வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தால் அது பெரும்பாலும் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே மயிர்க்காலைத் தாக்குவது. அதற்குத் தனி சிகிச்சை. கடுமையான நிலைக்கென 2022-இல் பாரிசிட்டினிப் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. தலைத்தோலில் எரிச்சல், வலி, செதில், அப்புறம் மயிர்க்கால் துளையே தெரியாத வழவழப்பு என்று இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். தழும்பாகிப்போன மயிர்க்கால் எந்தச் சீரத்துக்கும் திரும்பி வராது. இறுக்கி இழுத்துக் கட்டியே நெற்றியோரம் காலியானவர்களுக்கு முதல் மருந்து கட்டும் விதத்தை மாற்றுவது. காரணமே தெரியாமல் பரவலாகக் கொட்டினால் இரும்புச்சத்தையும் தைராய்டையும் இரத்தத்தில் பார்த்துவிடுவது, எந்தப் பாட்டிலையும்விடப் பயனுள்ள செலவு.

இவை எல்லாம் இல்லை, பரம்பரை மெலிதல்தான் என்று வைத்துக்கொண்டு பாட்டில்களுக்கு வருவோம்.

அழகாகப் பேசும் பாட்டில்கள்

சீரம் என்றதும் மனதில் வருவது இவைதான்: டிராப்பர் வைத்த கண்ணாடிப் பாட்டில், முன்பக்கம் ரெடன்சில், காப்பிக்சில், புரோகாபில், அனாஜெயின் என்று பெயர்கள். இந்தப் பெயர்கள் வேதிப்பொருள்களின் பெயர்கள் அல்ல. மூலப்பொருள் தயாரிக்கும் நிறுவனங்கள் தங்கள் கலவைகளுக்கு வைத்த வணிகப் பெயர்கள். காப்பிக்சில் என்பது ஒரு பெப்டைடும் (சிறு புரதத் துண்டு) சிவப்புக் குளோவர் சாறும் சேர்ந்தது. புரோகாபிலில் பயோட்டின் என்ற வைட்டமின் ஒட்டிய ஒரு பெப்டைடு, அபிஜெனின், ஓலியனாலிக் அமிலம் ஆகியவை இருக்கும். அனாஜெயின் பட்டாணி முளையிலிருந்து எடுத்த சாறு. ஒரே கலவையைப் பல பிராண்டுகள் வாங்கி, தங்கள் பாட்டிலில் ஊற்றி விற்கின்றன. ஒன்றைவிட இன்னொன்று உசத்தி என்று நீங்கள் மாறிமாறி வாங்கும் இரண்டு சீரத்திலும் உள்ளே அதே சரக்கு இருக்க வாய்ப்புண்டு.

"3 சதவீதம் ரெடன்சில்" என்று அச்சிட்டிருப்பதையும் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். அது மினாக்சிடிலில் சொல்லும் 5 சதவீதம் போன்றதல்ல. ரெடன்சிலே தண்ணீர், கிளிசரின் முதலியவற்றில் கரைத்த ஒரு கலவை. அந்தக் கலவையில் 3 பங்கு இந்தப் பாட்டிலில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். வேலை செய்வதாகச் சொல்லப்படும் பொருள் அதிலும் ஒரு சிறு பகுதி. எண்ணைப் பெரிதாகப் போட்டுவிட்டால் மருந்துபோல ஒரு தோற்றம் வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

ஆதாரம்? பெரும்பாலும் மூலப்பொருளை விற்கும் நிறுவனமே நடத்திய, சில டஜன் பேரைக் கொண்ட சோதனைகள், அல்லது கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் பார்த்தவை. அழகுசாதனப் பொருளாக விற்பதால், மருந்துபோலத் திறனை நிரூபித்த பிறகே விற்க வேண்டும் என்ற கட்டாயம் இவற்றுக்கு இல்லை. வாசகத்தைக் கவனியுங்கள்: "முடி அடர்த்தியாகத் தோன்ற உதவும்", "உதிர்வின் தோற்றத்தைக் குறைக்கும்". 'தோன்ற' என்ற சொல்லை எழுதியவர் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்.

இவற்றை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. தலைத்தோல் வறண்டு போயிருந்தால், ஈரம் காக்கும் பாந்தினாலும் ஹயலூரானிக் அமிலமும் இதமாக இருக்கும். சில சீரங்கள் முடியின் மேல் மெல்லிய படலம் போட்டு, காய்ந்ததும் முடியை உண்மையிலேயே தடிமனாகக் காட்டும். வெளியே போகும்போது அது கண்ணுக்குத் தெரியும் லாபம்தான். பிடிக்காவிட்டால் நாளைக்கே நிறுத்தலாம், பின்விளைவு கிடையாது. ஆனால் வகிடு ஆண்டுக்கு ஆண்டு அகலமாகிக்கொண்டிருக்கும் ஒருவர் இதை நம்பி ஓராண்டைக் கடத்தினால், போவது பணம் மட்டுமல்ல. மெலிதலில் சீக்கிரம் தொடங்கியவருக்குத்தான் சிகிச்சை நன்றாகக் கைகொடுக்கும். முழுக்க வழுவழுப்பான இடத்தில் மருந்துக்கும் செய்ய அதிகம் இல்லை.

காஃபீனும் ரோஸ்மேரியும்

இவை நடுவில் நிற்கின்றன. ஏதோ ஆதாரம் இருக்கிறது, ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை.

காஃபீனுக்கு 2017-இல் வெளியான ஓர் ஆய்வை அடிக்கடி காட்டுவார்கள். 210 ஆண்கள், 6 மாதம். பாதிப் பேருக்கு 0.2 சதவீதக் காஃபீன் திரவம், மீதிப் பேருக்கு 5 சதவீத மினாக்சிடில். வளர்ச்சி நிலையில் இருக்கும் முடிகளின் பங்கு இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு கூடியது என்று முடிவு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் யாருக்கு எது கொடுக்கப்படுகிறது என்பது மறைக்கப்படவில்லை, வெறும் திரவம் தடவிய மூன்றாவது குழுவும் இல்லை. தலையில் விட்டுவைக்கும் திரவத்தைப் பற்றியது இது என்பதும் முக்கியம். இரண்டு நிமிடத்தில் அலசிவிடும் காஃபீன் ஷாம்புவுக்கு இதே பலனை ஏற்றிச் சொல்ல முடியாது. 2018-இல் பிரிட்டனின் விளம்பரத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, முடி உதிர்வைக் குறைக்கும் என்ற வாசகத்தோடு வந்த அல்பெசின் காஃபீன் ஷாம்பு விளம்பரத்தை, ஆதாரம் போதாது என்று நிறுத்தச் சொன்னது.

ரோஸ்மேரி எண்ணெயின் புகழ் முழுக்க 2015-இல் வெளியான ஒரே ஆய்வின் மேல் நிற்கிறது. 100 ஆண்கள், பாதிப் பேருக்கு ரோஸ்மேரி, பாதிப் பேருக்கு மினாக்சிடில். 3 மாதத்தில் இரு பக்கமும் குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை. 6 மாதத்தில் இரு பக்கமும் முடி எண்ணிக்கை கொஞ்சம் கூடியிருந்தது. "மினாக்சிடிலுக்கு இணை" என்று சொல்கிறவர்கள் அது 2 சதவீத மினாக்சிடில் என்பதைச் சொல்வதில்லை. ஆண்களுக்கு இப்போது வழக்கமாகத் தருவது 5 சதவீதம். போட்டியாளரை மெலிந்தவராகத் தேர்ந்தெடுத்துவிட்டுச் சமநிலை என்று அறிவிப்பதில் பெருமை இல்லை. இங்கேயும் ஒன்றும் தடவாத குழு கிடையாது.

எண்ணெய்தானே என்று செறிவான ரோஸ்மேரி எண்ணெயை நேராகத் தலையில் ஊற்றக் கூடாது, எரியும், சிவந்துபோகும். வேறு எண்ணெயில் சில துளி கலந்துதான் தடவ வேண்டும். பொடுகும் எண்ணெய்ப் பிசுக்கும் உள்ள தலைக்கு அந்த எண்ணெயே ஆகாது. பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்ற பூஞ்சைக்குக் கொழுப்புதான் சாப்பாடு. அப்படிப்பட்டவர்கள் முதலில் பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசோல் ஷாம்பு போட்டுத் தலையைச் சரிசெய்துகொண்டு, சீரத்தைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். வெங்காயச் சாற்றைப் பற்றியும் கேட்பார்கள். 2002-இல் வெளியான அந்தச் சிறு ஆய்வு வட்டச் சொட்டை உள்ளவர்களிடம் நடந்தது. மெலிதலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மினாக்சிடில்

மற்றவை எல்லாம் இதோடுதான் தங்களை ஒப்பிட்டுக்கொள்கின்றன என்பதே இதன் இடத்தைச் சொல்லிவிடுகிறது. முதலில் இது இரத்த அழுத்தத்துக்கான மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் தலையில் தடவும் திரவமாக மாற்றினார்கள். ஆண்களுக்கான 2 சதவீதத் திரவத்துக்கு எஃப்டிஏ 1988-இல் அனுமதி தந்தது, பெண்களுக்கு 1991-இல். 5 சதவீதம் ஆண்களுக்கு 1997-இல் வந்தது. 2002-இல் வெளியான ஆய்வில், 48 வாரம் கழித்து 5 சதவீதம் தடவிய ஆண்களுக்கு 2 சதவீதம் தடவியவர்களைவிட 45 சதவீதம் கூடுதலாக முடி வளர்ந்திருந்தது. பெண்களுக்கு 5 சதவீத ஃபோம் (நுரை), நாளுக்கு ஒரு முறை என்ற கணக்கில் 2014-இல் அனுமதி பெற்றது.

எல்லோருக்கும் இது வேலை செய்யாது. தடவிய மினாக்சிடிலை மயிர்க்காலில் இருக்கும் சல்ஃபோடிரான்ஸ்ஃபரேஸ் என்ற நொதி மாற்றினால்தான் அது மருந்தாகிறது. அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்குப் பலனும் குறைவு. பக்கத்து வீட்டுக்காரருக்கு வளர்ந்தது, எனக்கு வளரவில்லை என்றால், தடவிய விதத்தில்தான் தவறு என்று நினைக்க வேண்டியதில்லை.

திரவமா, ஃபோமா என்ற கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் பலர் நிறுத்துவதற்குக் காரணமே இதுதான். திரவத்தில் மருந்தைக் கரைக்கப் புரொப்பிலீன் கிளைக்கால் இருக்கும். அரிப்பு, செதில், பிசுபிசுப்பு என்று வரும் புகார்களில் பெரும்பங்கு அதனுடையது. மினாக்சிடில் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டும் முன் அது இல்லாத ஃபோமை ஒருமுறை முயன்று பார்க்க வேண்டும். ஃபோம் சீக்கிரம் காயும், காலையில் தடவிக்கொண்டு கிளம்பலாம். ஆனால் நீள முடியும் அடர்த்தியும் உள்ளவர்களுக்கு அது முடியிலேயே ஒட்டிக்கொண்டு தோலுக்குப் போய்ச் சேராது. அவர்களுக்கு டிராப்பர் வைத்த திரவம்தான் வசதி.

இதில் வரும் தொல்லைகளையும் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். பெண்களுக்கு நெற்றியிலும் கன்னத்திலும் மெல்லிய முடி வளரலாம். படுக்கும் முன் நன்றாகக் காயவிட்டால், தலையணை வழியாக முகத்துக்கு வருவது குறையும். தோல் வழியாக இரத்தத்துக்குப் போவது மிகச் சிறு பங்குதான். ஆனாலும் இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. படபடப்பு, தலைசுற்றல், கால் வீக்கம் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்களும் பாலூட்டுபவர்களும் தவிர்க்க வேண்டும். தடவியவரின் தோல் பட்டுக் கைக்குழந்தைகளுக்கு உடம்பில் முடி வளர்ந்த நிகழ்வுகள் ஐரோப்பாவில் பதிவாகியிருக்கின்றன. வீட்டில் பூனை இருந்தால் இன்னும் கவனம். இது பூனைகளுக்குக் கடும் விஷம், தடவிய தலையை நக்குவதே அதற்கு ஆபத்து.

எல்லாவற்றையும்விடப் பெரிய விலை வேறொன்று. இதை நிறுத்தினால் மூன்று நான்கு மாதத்தில், மருந்தால் கிடைத்த முடி எல்லாம் போய்விடும். மெலிதல் தன் போக்கில் எங்கே போயிருக்குமோ அங்கே தலை போய்ச் சேரும். ஆகவே மினாக்சிடிலைத் தொடலாமா என்ற கேள்வி உண்மையில், ஆண்டுக்கணக்கில் நாள் தவறாமல் தடவ என்னால் முடியுமா என்ற கேள்வி. முடியாது என்பவர் தொடங்காமல் இருப்பதில் எந்தத் தவறும் இல்லை.

ஃபினாஸ்டரைட் சேர்ந்த திரவங்கள்

மினாக்சிடில் டிஎச்டியைத் தொடுவதில்லை. ஃபினாஸ்டரைட் என்ற மருந்து அதைத்தான் குறிவைக்கிறது. ஆண்களின் வழுக்கைக்கான 1 மி.கி. மாத்திரை 1997 முதல் இருக்கிறது. பாலியல் நாட்டம் குறைதல், மனச்சோர்வு போன்ற பக்கவிளைவுகளுக்கு அஞ்சுபவர்களுக்காகவே தடவும் வடிவம் வந்தது. தலையில் தடவினால் தலையோடு நின்றுவிடும் என்று விற்பவர்கள் சொல்வது முழு உண்மையல்ல. 2022-இல் வெளியான 24 வார ஆய்வில், ஸ்பிரேயாக அடித்தவர்களுக்கு இரத்தத்தில் டிஎச்டி சுமார் 35 சதவீதம் குறைந்தது. மாத்திரை எடுத்தவர்களுக்குச் சுமார் 56 சதவீதம். குறைவுதான், பூஜ்ஜியம் அல்ல. முடி எண்ணிக்கையில் இரண்டும் கிட்டத்தட்ட சமமாக இருந்தன.

ஐரோப்பாவில் சில நாடுகளில் அனுமதி பெற்ற ஸ்பிரே இருக்கிறது. அமெரிக்காவில் அனுமதி பெற்றது எதுவும் இல்லாமல், மருந்தகங்கள் தாமே கலந்து கொடுப்பதே நடந்துவந்தது. அப்படிக் கலந்தவற்றைப் பற்றி, 2019 முதல் 2024 வரை பக்கவிளைவு என்று 32 புகார்கள் வந்ததாக எஃப்டிஏ 2025 ஏப்ரலில் எச்சரிக்கை வெளியிட்டது. கர்ப்பமாக இருப்பவரோ கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவரோ இதைக் கையால் தொடவே கூடாது. வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் பிறப்புறுப்பின் வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே, மினாக்சிடிலை ஒழுங்காகத் தடவியும் மெலிதல் நிற்காத ஆண், மருத்துவரின் சீட்டோடு எடுக்க வேண்டிய அடுத்த படி என்றே இதைப் பார்க்கிறேன். இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்பி வரவழைக்கும் பொருள் அல்ல இது.

தடவச் சோம்பலாக இருக்கிறது, மாத்திரை போதாதா என்பவர்களுக்கு: பயோட்டின் குறைபாடு அபூர்வம், குறைபாடு இல்லாதவருக்கு அந்த மாத்திரை முடிக்கு உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை, இரத்தப் பரிசோதனை முடிவுகளை மட்டும் குழப்பும். குறைந்த அளவு மினாக்சிடில் மாத்திரையைத் தோல் மருத்துவர்கள் இப்போது நிறையவே எழுதுகிறார்கள். 2024-இல் 90 ஆண்களிடம் நடந்த ஒப்பீட்டில், 24 வாரத்தில் 5 மி.கி. மாத்திரை 5 சதவீதத் திரவத்தைவிட உயர்ந்ததாகத் தெரியவில்லை. தடவ முடியாதவருக்கு மாற்றுவழி என்ற அளவில் சரி, அதுவும் மருத்துவர் கண்காணிப்பில்.

சரி, யாருக்கு எது?

காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ பிறகு கொட்டுகிறது, குடும்பத்தில் மெலிதல் கிடையாது என்றால் நான் எதையும் வாங்க மாட்டேன். நன்றாகச் சாப்பிட்டு, இரத்தப் பரிசோதனை செய்து, 6 மாதம் பொறுக்கலாம். கை சும்மா இருக்காது என்பவர் அழகுசாதனச் சீரம் ஒன்றைத் தடவிக்கொள்ளட்டும். முடி திரும்பியதும் அதன் புகழைப் பாடாமல் இருந்தால் போதும்.

வகிடு அகலமாகிறது, அல்லது உச்சியில் தோல் தெரியத் தொடங்கியிருக்கிறது, ஆண்டுக்கணக்கில் தடவவும் தயார் என்றால் மினாக்சிடில்தான், வேறு பேச்சே இல்லை. ரெடன்சில் இத்தனை, புரோகாபில் இத்தனை என்று மினாக்சிடிலோடு சேர்த்துக் கலந்த பாட்டில்களைவிட, மினாக்சிடில் மட்டும் உள்ளதையே எடுப்பேன். அரித்தால் எது அரிக்கிறது என்று தெரியும். வளர்ந்தால் எது வளர்த்தது என்றும் தெரியும்.

லேசாக மெலிகிறது, வாழ்நாள் மருந்துக்கு மனம் இன்னும் ஒப்பவில்லை என்பவருக்கு, அலசாமல் விட்டுவைக்கும் காஃபீன் திரவம் ஒரு நியாயமான சோதனை. ஆனால் ஒரு கெடு வைத்துக்கொள்ள வேண்டும். 6 மாதத்துக்கு மேல் அதற்கு அவகாசம் தருவதில் பொருளில்லை.

நுண்ணூசிகள் பதித்து, தலைத்தோலில் உருட்டும் ஊசி உருளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2013-இல் 100 ஆண்களிடம் நடந்த 12 வார ஆய்வில், வாரம் ஒருமுறை 1.5 மி.மீ. ஊசி உருளையும் மினாக்சிடிலும் சேர்ந்து, மினாக்சிடில் மட்டும் தந்ததைவிட மிக அதிக முடி தந்தன. அதைப் படித்துவிட்டு வீட்டில் தினமும் உருட்டுவது புண்ணையும் தொற்றையும் வரவழைக்கும். உருட்டிய அன்றே மருந்தைத் தடவினால் தேவைக்கு மேல் உள்ளே போகும். செய்வதானால் மருத்துவமனையில் செய்துகொள்வது நல்லது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது தோலில் பட வேண்டும். முடியின் மேல் விட்டுத் தேய்ப்பதால் முடிதான் பிசுபிசுக்கும். உலர்ந்த தலையில் வகிடு வகிடாகப் பிரித்து, மெலிந்த இடத்தில் விட்டு, விரல்நுனியால் பரப்பி, கையைக் கழுவிவிட வேண்டும். மினாக்சிடில் திரவமானால் ஒரு முறைக்கு 1 மி.லி.; இரண்டு மடங்கு தடவினால் இரண்டு மடங்கு வளராது, பக்கவிளைவுதான் கூடும். தடவியபின் 4 மணி நேரமாவது தலையை நனைக்காமல் இருக்க வேண்டும்.

பலனைக் கண்ணாடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. தினமும் பார்க்கும் தலையில் மாற்றம் தெரியாது. தொடங்கும் நாளில் வகிட்டையும் உச்சியையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். அதே வெளிச்சம், அதே கோணம், அதே அளவு உலர்ந்த தலை என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் எடுங்கள். மினாக்சிடில் தடவி 12 மாதம் கழித்து முதல் படமும் கடைசிப் படமும் ஒரே மாதிரி இருந்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் பரம்பரை மெலிதல் சும்மா விட்டால் கூடிக்கொண்டே போவது. நின்ற இடத்தில் அது நிற்கிறது என்றால் மருந்து வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அழகுசாதனச் சீரத்துக்கு இந்தச் சலுகை வேண்டாம். 6 மாதப் படத்தில் வித்தியாசம் தெரியாவிட்டால் அடுத்த பாட்டிலை வாங்காமல் விடுங்கள். அதை நிறுத்துவதால் இருக்கிற முடிக்கு ஒன்றும் ஆகாது.